காசிக்குப் பெரியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு

காசிக்குப் போகிறோம் என்று வாய் திறந்தால் போதும், தெரிந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு கோயில் பட்டியல் கொடுப்பார்கள். விஸ்வநாதர், அன்னபூரணி, விசாலாட்சி, காலபைரவர், துர்கை, சோழியம்மன், சங்கட மோசன் அனுமன். பட்டியலில் தப்பில்லை. ஆனால் முட்டிவலிக்காரர்களை அழைத்துக்கொண்டு போகும்போது முதலில் தீர்மானிக்க வேண்டியது எந்தக் கோயில் என்பதல்ல, எங்கே தங்குவது என்பது. அம்மாவையும் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்வந்த பிறகு, யார் காசியைப் பற்றிக் கேட்டாலும் நான் இதில்தான் ஆரம்பிக்கிறேன்.

ஊரின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் காரணம் புரிந்துவிடும். கங்கை இங்கே வடக்கு நோக்கி வளைந்து ஓடுகிறது. ஊர் முழுக்க மேற்குக் கரையில், வளைவின் வெளிப்பக்கத்து மேட்டில் இருக்கிறது. எதிர்க்கரை வெள்ளம் புரளும் மணல்வெளி. அதனால்தான் சூரியன் ஆற்றுக்கு மேலே எழுந்து வருவது படித்துறையில் உட்கார்ந்தவர்களுக்குத் தடையில்லாமல் தெரிகிறது. அதனால்தான் படிகளும் இவ்வளவு செங்குத்து. தெற்கே அசியிலிருந்து வடக்கே வருணை ஆறு கலக்கும் இடம் வரை 84 படித்துறைகள் என்பது வழக்கமான கணக்கு. இன்று நாம் பார்க்கும் கட்டுமானத்தில் பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டில் மராட்டியர்கள் காலத்தில் எழுந்தது. வண்டிகள் வருவது மேலே இருக்கும் பெரிய சாலை வரைக்கும்தான். அங்கிருந்து சந்து, சந்து முடிந்தால் படி. ஆக, காசியில் தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்டுப் பிரயோஜனமில்லை. எத்தனை படி என்று கேளுங்கள்.

விஸ்வநாதர் கோயிலுக்குப் பக்கத்திலேயே அறை எடுங்கள் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். இளைஞர்களுக்குச் சரி. பெரியவர்களோடு போனால் நான் வேண்டாம் என்பேன். கோதௌலியா சந்திப்பைத் தாண்டி தசாஸ்வமேதப் படித்துறைப் பக்கம் பகலில் வண்டிகளை விடமாட்டார்கள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு, கூட்டத்தில் இடிபட்டு, மாட்டுக்கும் மோட்டார் பைக்குக்கும் ஒதுங்கி நடக்க வேண்டும். கோயிலுக்கு நாம் போவது ஒருமுறையோ இருமுறையோ. அறைக்கும் சாலைக்கும் நடப்பது ஒரு நாளைக்குப் பல தடவை.

அதற்குப் பதிலாக சோனார்புரா சாலையை ஒட்டிய பகுதியைப் பாருங்கள். அனுமன் காட், ஹரிச்சந்திர காட், கேதார் காட் (காட் என்றால் படித்துறை) எல்லாம் அங்கிருந்து நடக்கிற தூரம். ஆட்டோ சந்து முனை வரை வரும். சந்துகள் குறுகல்தான், ஆனால் கோயில் பக்கத்து நெரிசல் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தமிழ் காதில் விழும். அம்மா வந்து இறங்கிய முதல் மணி நேரத்திலேயே ஒரு மாமியைப் பிடித்து வைத்துக்கொண்டு, நல்ல தயிர் எங்கே கிடைக்கும் என்று விசாரித்து முடித்துவிட்டார். அதன் பிறகு என்னைத் தொந்தரவு செய்யவே இல்லை.

இந்தப் பகுதி தமிழர் பகுதியானது நேற்று இன்றைக்கு இல்லை. 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் இங்கே வந்து கேதார் காட்டில் மடம் நிறுவினார். முகலாய ஆட்சியாளரிடம் அவர்கள் மொழியிலேயே பேச வேண்டும் என்பதற்காகக் கலைமகளை வேண்டிச் சகலகலாவல்லி மாலை பாடினார் என்பது மடத்து மரபு. கேதாரேஸ்வரர் கோயிலை இன்றும் அந்த மடம்தான் பார்த்துக்கொள்கிறது. அனுமன் காட்டில், அப்பாவை இழந்த பாரதியார் 1898இல் அத்தை குப்பம்மாள் வீட்டுக்கு வந்து சில ஆண்டுகள் தங்கிப் படித்தார். அந்த வீட்டின் ஒரு பகுதி இப்போது தமிழ்நாடு அரசின் நினைவிடம். 2022 டிசம்பரில் திறந்தார்கள். பக்கத்திலேயே அவருடைய சிலையும் இருக்கிறது. சந்துக்குள் போகிறவர்கள் பலர் கவனிக்காமலே தாண்டிவிடுகிறார்கள்.

அறை பதிவு செய்யும்போது போனில் நான்கு விஷயம் கேளுங்கள். ஆட்டோ நிற்கும் இடத்திலிருந்து அறைக் கதவு வரை எத்தனை படி? லிஃப்ட் உண்டா? வெஸ்டர்ன் கழிப்பறையா? குளிர்காலமென்றால் வெந்நீர் குழாயில் வருமா, வாளியிலா? ‘ஆற்றைப் பார்த்த அறை’ என்று விளம்பரம் செய்கிற பல இடங்களில் அந்த அறை மூன்றாவது மாடியில், ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய படிக்கட்டின் உச்சியில் இருக்கும். ஆற்றைப் பார்க்கத்தான் வெளியே படித்துறை இருக்கிறதே. தரைத்தளத்து அறை போதும். ஒரு வீடியோ கால் போட்டு வாசலிலிருந்து அறை வரை நடந்து காட்டச் சொல்லுங்கள். நல்ல விடுதிக்காரர் மறுக்க மாட்டார். நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் கோதௌலியா பக்கம் இருக்கிறது. கூட்டத்துக்கு நடுவே இருந்தாலும் உள்ளே போய்விட்டால் அது தனி உலகம். முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஊருக்குள் வருவது பற்றிச் சுருக்கமாக. வாராணசி என்று பொதுவாகச் சொன்னாலும் நம் ரயில் எந்த நிலையத்தில் நிற்கிறது என்று டிக்கெட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாராணசி ஜங்ஷனை உள்ளூரில் கேண்ட் என்பார்கள். பழைய மண்டுவாடி 2021இலிருந்து பனாரஸ் நிலையம். பழைய முகல்சராய், இப்போது பண்டிட் தீன் தயாள் உபாத்யாயா ஜங்ஷன், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கிருந்து ஊருக்குள் வர நன்றாகவே நேரம் பிடிக்கும். விமானம் என்றால் பாபத்பூர், ஊரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். நிலையத்தில் ஆட்டோக்காரர் ‘உங்கள் விடுதி மூடியாச்சு, வேறு இடம் காட்டுகிறேன்’ என்றால் அங்கேயே விடுதிக்குப் போன் போடுங்கள். அவர் வண்டியில் ஏறுவதா இல்லையா என்பது அந்தப் போனில் தெரிந்துவிடும்.

விஸ்வநாதர் தரிசனத்துக்கு வருவோம். 1669இல் ஔரங்கசீப் காலத்தில் பழைய கோயில் இடிக்கப்பட்டது. இப்போதுள்ள கோயிலை 1780இல் அகல்யாபாய் ஹோல்கர் கட்டினார். பொற்கூரைக்குத் தங்கம் கொடுத்தவர் பஞ்சாபின் ரஞ்சித் சிங். பக்கத்திலேயே ஞானவாபி மசூதி இருப்பதால் போலீஸ் கெடுபிடி எப்போதும் உண்டு. 2021 டிசம்பர் 13 அன்று ஆற்றையும் கோயிலையும் இணைக்கும் புதிய வளாகத்தைத் திறந்த பிறகு உள்ளே விசாலமாகிவிட்டது. பழைய சந்துகளின் அழகு போய்விட்டது என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. எனக்கும் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அம்மாவின் முட்டி அந்த விசாலத்துக்குத்தான் ஓட்டுப் போட்டது.

செல்போன், பேனா, ஸ்மார்ட் வாட்ச் எதுவும் உள்ளே கூடாது. அறையிலேயே வைத்துவிட்டுப் போவது உத்தமம். இல்லையென்றால் வாசல் கடைக்காரர்கள் லாக்கர் இலவசம் என்று கூப்பிட்டு, பூஜைத் தட்டு ஒன்றைத் தலையில் கட்டுவார்கள். தட்டின் விலையை முதலில் கேளுங்கள். சீக்கிரம் தரிசனம் வேண்டுமானால் கோயிலே டிக்கெட் கொடுக்கிறது. ‘சுகம் தரிசனம்’ என்று பெயர். கோயில் இணையதளத்திலோ உதவி மையத்திலோ மட்டும் வாங்குங்கள். வழியில் ‘விஐபி, விஐபி’ என்று கூப்பிடுகிறவரிடம் வேண்டாம். பெரியவர்களுக்குச் சக்கர நாற்காலி கேட்டோம், கிடைத்தது. லலிதா காட் வழியாக ஆற்றிலிருந்து ஏறும் வாசல் போட்டோவில் பிரமாதமாக இருக்கும். முட்டிவலிக்காரர்களுக்கு அது ஆகாது. சாலைப் பக்கத்து வாசலே சரி.

ஒன்றை முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள். நம் ஊர்க் கோயிலில் கருவறை என்றால் எதிரே, கண்மட்டத்தில், தீபாராதனை வெளிச்சத்தில் சுவாமி தெரிவார். பழக்கதோஷத்தில் எல்லாரும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே வருகிறார்கள். காசியில் கருவறைக்கு நான்கு பக்கமும் வாசல். லிங்கம் சிறியது. நடுவில்கூட இல்லை, ஒரு மூலையில், வெள்ளி வேய்ந்த பள்ளத்துக்குள், பாலும் வில்வமும் மூடிக் கிடக்கும். வாசலில் நிற்கக் கிடைப்பது சில நொடிகள். பின்னால் இருப்பவர் தள்ளுவார், முன்னால் இருப்பவர் மாலையை எறிவார், போலீஸ்காரர் ‘சலியே, சலியே’ என்பார். “பெரியம்மா, மேலே தேடாதீங்க. குனிஞ்சு தரையைப் பாருங்க” என்று வரிசையிலேயே பலமுறை சொல்லி வைத்திருந்தேன். அவர் பார்த்துவிட்டார். பக்கத்தில் வந்த ஈரோட்டுக்கார அம்மா வெளியே வந்து “சாமி எங்கப்பா இருந்தாரு?” என்று மகனைக் கேட்டுக்கொண்டிருந்தார். திங்கட்கிழமையும், வடநாட்டு சிராவண மாதமும், சிவராத்திரியும் கூட்டத்தின் உச்சம். பெரியவர்களோடு அந்த நாட்களில் போகவே போகாதீர்கள், எவ்வளவு புண்ணியம் என்றாலும்.

அன்னபூரணி கோயில் அருகிலேயே. அங்கே கொடுக்கும் அரிசியைப் பத்திரமாக முடிந்துகொள்ளச் சொல்லித் தரத் தேவையில்லை, வீட்டு அரிசிப் பானையில் போட வேண்டும் என்று நம் அம்மாக்களுக்குத் தெரியும். தங்க அன்னபூரணி தரிசனம் தீபாவளியை ஒட்டிய சில நாட்கள் மட்டும். விசாலாட்சி கோயில் மீர் காட் பக்கத்துச் சந்தில். சந்தில் திரும்பியதும் நம்மூர்க் கோபுரம் எதிரில் நிற்கும், நகரத்தார் திருப்பணி. அவர்கள் சத்திரத்திலிருந்து விஸ்வநாதர் பூஜைக்குப் பாலும் வில்வமும் பூவும் சந்தனமும் அன்றாடம் போகின்றன. ‘சம்போ, சம்போ’ என்று குரல் கொடுத்துக்கொண்டு அவர்கள் வேகமாக வரும்போது கோதௌலியாவின் அத்தனை நெரிசலும் விலகி வழி விடுவதைப் பார்க்க வேண்டும். ஹாரன் அடித்தாலும் நகராத ஊர் அது.

காலபைரவர் கோயிலில் கறுப்புக் கயிறு வாங்காமல் யாரும் திரும்புவதில்லை. மயிலிறகால் முதுகில் ஒரு தட்டு, கையோடு தட்சிணை. சில்லறையாகப் பத்து, இருபது ரூபாய் நோட்டுகளைத் தனிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பர்ஸைத் திறந்து ஐந்நூறு ரூபாய் நோட்டைக் காட்டினால் தட்டு வேறு மாதிரி விழும்.

ஆனால் பெரியவர்களுக்கு நிம்மதியாகக் கும்பிடக் கிடைத்த கோயில் என்றால் கேதாரேஸ்வரர்தான். சிவப்பும் வெள்ளையும் பட்டையடித்த படிகள், படகிலிருந்தே அடையாளம் தெரியும். ஆற்றுப் பக்கமிருந்து ஏறினால் மூச்சு வாங்கும், சந்துப் பக்கமிருந்து நேராக உள்ளே போகலாம். சுவாமி பாறை முகடு மாதிரி, நடுவே ஒரு கோடு. மாந்தாதா மன்னர் விருந்தாளிக்குப் பகிர வைத்த பொங்கலே லிங்கமாயிற்று, அந்தக் கோடு பங்கு பிரித்த கோடு என்று கதை. இங்கே யாரும் தள்ளவில்லை. அம்மா அரைமணி நேரம் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

அப்பாவுக்குத் தீர்த்த சிராத்தம் செய்ய வேண்டியிருந்தது. அனுமன் காட் பகுதியில் தமிழ் பேசும் வாத்தியார்கள் பலர் இருக்கிறார்கள். ஊரிலிருந்தே பேசி வைத்துக்கொண்டு போவது நல்லது. பேசும்போது கூச்சப்படாமல் விவரம் கேட்க வேண்டும்: மொத்தத் தொகையில் படகு சேர்த்தியா? பிண்ட தானத்துக்கு அசி, தசாஸ்வமேதம், மணிகர்ணிகா, பஞ்சகங்கா, வருணா சங்கமம் என்று ஐந்து தீர்த்தத்துக்கும் படகில் போவார்களா, ஒரே இடத்தில் முடிப்பார்களா? சாப்பாடு யாருடையது? பிராமணர்கள் எத்தனை பேர், அவர்கள் தட்சிணை உள்ளேயா வெளியேயா? பிரயாகைக்கும் கயாவுக்கும் வண்டி ஏற்பாடு அவரா நாமா? எங்கள் வாத்தியார் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதியே அனுப்பிவிட்டார். கடைசி நாளில் மனஸ்தாபம் எதுவும் வரவில்லை. பிரயாகை சுமார் 125 கிலோமீட்டர், கயா சுமார் 250. இரண்டையும் அடுத்தடுத்த நாட்களில் வைக்காதீர்கள். நடுவில் ஒரு நாள் பெரியவர்கள் படுத்து எழுந்திருக்கட்டும்.

படகு பேரத்துக்குத் தனியாக ஒரு பத்தி கொடுத்தே ஆக வேண்டும். கேதார் காட்டில் ஒரு இளைஞர் வந்தார்.

“மாதாஜிக்காக ஐந்நூறு.”

“ஆளுக்கா, படகுக்கா?”

அவர் தலையைச் சொறிந்தார். ஆளுக்கு. சரி, படகுக்கு என்றால்? எங்கிருந்து எங்கே? மணிகர்ணிகா வரை போய்த் திரும்பவும் இதே படித்துறையில் இறக்கிவிடுவீர்களா? மோட்டாரா, துடுப்பா? எத்தனை நேரம்? இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் ஏறுவதற்கு முன்னால் பதில் வாங்கிவிட வேண்டும். நடு ஆற்றில் கேட்டால் பதிலுக்கு விலை உண்டு. முக்கியமாக, ஏறிய இடத்திலேயே இறங்குவது. ‘இங்கே இறங்கி நடந்து போய்விடுங்கள்’ என்று வேறு படித்துறையில் விட்டுவிட்டால் அத்தனை படியும் பெரியவர்கள் தலையில். விடியற்காலை, மூடுபனி இல்லாத நாள், துடுப்புப் படகு. இதற்கு நிகராகக் காசியில் எதுவும் இல்லை என்பது என் கட்சி.

தசாஸ்வமேதத்து மாலை ஆரத்தியைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். பார்க்க வேண்டியதுதான், சந்தேகமில்லை. ஆனால் முடிந்த பிறகு ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஒரே சாலையில் எழுந்து நடப்பார்கள். படகிலிருந்து பார்க்கலாம் என்றால், இருட்டில் படகுக்குப் படகு தாண்டி இறங்க வேண்டிவரும். நாங்கள் அதற்குப் பதில் அசி காட்டுக்குப் போனோம். 2014இலிருந்து அங்கே ‘சுபஹ்-ஏ-பனாரஸ்’ என்று விடியற்காலை ஆரத்தி, பிறகு சாஸ்திரிய சங்கீதம், யோகா என்று நடக்கிறது. கூட்டம் மட்டு. ஆட்டோ ஓரளவு பக்கம் வரை வருகிறது. ஆரத்தி முடிந்து மண் கோப்பையில் டீ. பெரியம்மா கோப்பையை எறிய மனமில்லாமல் கழுவிப் பையில் வைத்துக்கொண்டார்.

குளிக்கிற விஷயம். படியில் பாசி வழுக்கும். இரண்டு படி தாண்டினால் ஆழம் எங்கே தொடங்கும் என்று சொல்ல முடியாது. சங்கிலி போட்டிருக்கும் இடத்தில், உள்ளூர்க்காரர்கள் குளிக்கிற இடத்தில், பெரியவர்களைப் படியில் உட்காரவைத்துச் சொம்பால் மொண்டு ஊற்றினாலே போதும். டிசம்பர், ஜனவரி என்றால் தண்ணீர் எலும்பைக் குத்தும். தலையில் தெளித்துக்கொண்டாலும் கங்கை கோபித்துக்கொள்ள மாட்டாள். ஆசமனம் என்று விழுங்குவதை நான் தடுத்தேன். அம்மாவுக்குக் கோபம். வயிறு கெட்டால் கயாவுக்கு யார் போவது?

மணிகர்ணிகாவில் சிதைகள் இரவும் பகலும் எரிகின்றன. விறகை ஆளுயரத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார்கள். படம் எடுக்காதீர்கள், படகிலிருந்தும் வேண்டாம். ‘இங்கே சாகக் காத்திருக்கும் ஏழைகளுக்கு விறகு வாங்கிக் கொடுங்கள்’ என்று ஒருவர் வந்து உருக்கமாகப் பேசி, மேலே ஒரு கட்டடத்துக்குக் கூப்பிடுவார். பணம் அந்த ஏழைகளுக்குப் போவதில்லை. கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். ‘நஹீன் சாஹியே, பையா’ (வேண்டாம், அண்ணா) என்ற மூன்று சொல் இந்த ஊரில் நூறு ரூபாய் நோட்டைவிட அதிக இடத்தில் செல்லுபடியாகும்.

பட்டு வாங்க ஆட்டோக்காரர் காட்டும் கடைக்குப் போனால் அவர் கமிஷனும் சேலை விலையில் இருக்கும். பனாரஸ் பட்டுக்கு 2009இலேயே புவிசார் குறியீடு கிடைத்தாயிற்று, ஆனால் விசைத்தறிச் சேலையும் அதே பெயரில்தான் விற்கிறது. கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், அவசரப்படாதீர்கள்.

சாப்பாட்டில் கவலையில்லை. அனுமன் காட் பக்கம் இட்லி, சாம்பார் சாதம் கிடைக்கும். காலையில் கசோரியும் உருளைக்கிழங்குக் கறியும் ஜிலேபியும் ஒரு தடவை சாப்பிட்டே ஆக வேண்டும், ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டும். பனிக்காலத்தில் மட்டும் விற்கும் ‘மலாய்யோ’ என்ற பால்நுரைத் தித்திப்பு வாயில் வைத்ததும் காணாமல் போகும். பல்லில்லாதவர்களுக்கும் தோது.

எப்போது போவது? அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரை. அதிலும் டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி வரை மூடுபனியில் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். ஊர் திரும்பும் விமானத்தையும் வந்து சேரும் ரயிலையும் ஒரே நாளில் வைத்தால் கை நகம் மிஞ்சாது. நாங்கள் போனது பிப்ரவரி. அதுதான் என் சிபாரிசும். மழைக்காலத்தில் ஆறு ஏறிவிட்டால் படித்துறைகள் மூழ்கி ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடக்க முடியாது, படகையும் நிறுத்திவிடுவார்கள். மே, ஜூன் வெயில் 45 டிகிரியைத் தொடும். கார்த்திகைப் பௌர்ணமியில் வரும் தேவ தீபாவளி அழகுதான், வீட்டிலிருந்து வீடியோவில்.

ஒரு நாள் மிஞ்சினால் சார்நாத் போங்கள். சுமார் 10 கிலோமீட்டர். புத்தர் முதல் உபதேசம் செய்த இடம். சமதரை, புல்வெளி, உட்கார மர நிழல். 43 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் தமேக் தூபியைச் சுற்றி நடக்க எந்தப் படியும் ஏற வேண்டாம். நம் ரூபாய் நோட்டில் இருக்கும் அசோகச் சிங்கத் தூண் முகடு அங்கேயுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை, பார்த்துப் போங்கள். அம்மா அந்தச் சிங்கங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். நாலாவது சிங்கம் நோட்டில் ஏன் தெரிவதில்லை என்று அன்றைக்குத்தான் அவருக்கு விளங்கியதாம்.

காசி யாத்திரையின் பழைய முறைப்படி ராமேஸ்வரத்து மணலைப் பிரயாகை சங்கமத்தில் கரைத்து, அங்கிருந்து கங்கை நீர் எடுத்துவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்ய வேண்டும். எங்கள் செப்புச் சொம்பு வாய் பற்றவைத்துப் பூஜை அலமாரியில் இருக்கிறது. ராமேஸ்வரத்திலும் 22 தீர்த்தக் கிணறுகள், வழியெல்லாம் ஈரத்தரை. கோயிலுக்குப் பக்கத்தில் கைப்பிடி வைத்த படியுள்ள அறை எங்கே கிடைக்கும் என்று பெரியம்மா இப்போதே எனக்குப் போன் போட்டு விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.